வாசலில் சொன்ன தப்பு

என் தம்பி பெண்டாட்டிக்கு இத்தாலிய மொழியில் ஒரே ஒரு தப்புதான் வரும். அதையும் தினமும் சாயங்காலம், வேலை முடிந்து வந்து வாசற்படியில் நின்றுகொண்டு, பக்கத்து வீட்டுக்கே கேட்கிற மாதிரி செய்வாள். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போனது. இப்போது அதே தப்பை யாராவது ஒரு தடவை வந்து சொல்ல மாட்டார்களா என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அவளை நான் எறும்பு என்பேன். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னேன், பிறகு முகத்துக்கு நேராகவே. அவள் கோபப்பட்டிருந்தால் அந்தப் பெயர் அன்றைக்கே விட்டுப்போயிருக்கும். ஒல்லியான உடம்பு. எப்போது பார்த்தாலும் எதையாவது தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருப்பாள். வாயைத் திறக்க மாட்டாள். நானோ பேருந்து நிலையத்தில் மைக் முன் உட்கார்ந்து, எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று கத்தியே ஓய்வு பெற்றவள். எனக்குப் பேசாத மனிதர்களைக் கண்டால் ஆகாது. கல்யாணமாகி வந்த புதிதில், 'வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ' என்று அவளிடமே கேட்டேன். அதற்கும் சிரித்துவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

துணி என்றால் திரைச்சீலைத் துணி. ஜன்னலுக்கும் கதவுக்கும் மாட்டுகிற திரைகளைத் தைப்பதுதான் அவள் தொழில். தம்பிக்குத் தொழில் இத்தாலிய மொழி சொல்லிக்கொடுப்பது. அதை எங்கே கற்றான், எப்படிக் கற்றான் என்பது பெரிய கதை. சுருக்கமாகச் சொன்னால், வாலிபத்தில் கப்பலில் வேலைக்குப் போனவன் மொழியோடு திரும்பி வந்தான், சம்பாத்தியத்தோடு வரவில்லை. வீட்டில் இரண்டே அறை. முன் அறையில் நீள மேசை போட்டு வகுப்பு. பின் அறையில் அவளுடைய தையல் மிஷின். நடுவே ஒரு மெல்லிய பலகைச் சுவர். இந்தப் பக்கம் இவன் பாடம் நடத்துவான், அந்தப் பக்கம் மிஷின் கடகடவென்று ஓடும். வருஷக்கணக்காக அந்த வீட்டின் சத்தமே அதுதான்.

படிக்க வருகிறவர்கள் எல்லாம் பிழைப்புக்காக இத்தாலிக்குப் போகிறவர்கள். கப்பல் சமையல்காரர்கள், கட்டட வேலைக்காரர்கள், பழத்தோட்டத்துக்குப் போகிறவர்கள். மீசை நரைத்த ஆட்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பெண் கூட அந்த வகுப்பில் சேர்ந்ததாக எனக்கு நினைவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் வந்த கதைக்கு இதுதான் காரணம்.

தம்பி பாடம் நடத்துகிற விதமே தனி. புத்தகத்தைத் திறக்கவே மாட்டான். ஒருவரை எழுப்பிக் கதவை மூடச் சொல்வான். மூடியதும், 'என்ன செஞ்சீங்க?' என்பான். அவர் 'கியூஸோ' என்று முடிகிற மாதிரி ஒரு வாக்கியம் சொல்வார். மூடினேன் என்று அர்த்தம். 'சரி, இப்ப கதவு எப்படி இருக்கு?' என்பான். 'கியூஸா' என்பார். மூடியிருக்கிறது.

ஒருநாள் நான் முறுக்கிக்கொண்டு கேட்டேன், இதில் என்னடா பாடம் இருக்கிறது என்று. அவன் எனக்கும் சலிக்காமல் விளக்கினான். மூடியது ஒரு வேலை. அது ஒரு நொடியில் முடிந்துவிட்டது. ஆனால் முடிந்த வேலை எங்கேயும் போய்விடவில்லை, கதவின் மேலேயே தங்கிவிட்டது. இனிமேல் அது மூடிய கதவு. வேலையைச் சொல்வதற்கும், அந்த வேலையால் பொருள் எப்படி ஆயிற்று என்று சொல்வதற்கும் அவர்களுக்கு ஒரே சொல்தான். வினையாக நிற்கும், அப்படியே பெயருக்கு அடையாகவும் நிற்கும். அடையாக நிற்கும்போது பொருளைப் பார்த்து வாலை மாற்றிக்கொள்ளும். கதவு அவர்களுக்குப் பெண், அதனால் 'ஆ' என்று முடியும். தண்ணீர் குடிக்கிற கண்ணாடி டம்ளர் ஆண். அது உடைந்தால் 'ரோத்தோ', காப்பிக் கோப்பை உடைந்தால் 'ரோத்தா'.

கதவுக்கு ஏதுடா ஆம்பளை பொம்பளை, தாழ்ப்பாளைத் தூக்கிப் பார்த்தாயா என்று கேட்டேன். மீசைக்காரர்கள் எல்லாம் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின் ஒரு கணம் நின்று மறுபடி ஓடியது. அவளும் சிரித்திருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது.

அதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. தைத்தேன், சாப்பிட்டேன், மூடினேன் என்று சொல்லும்போது செய்தவர் ஆணா பெண்ணா என்று அந்தச் சொல் கவலைப்படாது. ஆனால் போனேன், வந்தேன், விழுந்தேன், பிறந்தேன் என்றால் ஆளைப் பார்த்து மாறும். வந்து சேர்ந்தேன் என்று ஆண் சொன்னால் 'சோனோ அர்ரிவாத்தோ', பெண் சொன்னால் 'சோனோ அர்ரிவாத்தா'. ஏன் அப்படி என்றால் தம்பி ஒரு காரணம் வைத்திருந்தான். இலக்கணக்காரர்கள் ஒப்புக்கொள்வார்களோ என்னவோ, அவன் காரணம் அது. சாப்பிட்டால் மாறுவது தட்டில் இருப்பதுதான், ஆள் அப்படியேதான் இருக்கிறான். போனால், வந்தால், விழுந்தால் ஆளே வேறாகிவிடுகிறான், அதனால் சொல்லும் அவனோடு மாற வேண்டும். சாப்பிட்டால் ஆள் மாற மாட்டானா, என்னைப் பார்த்துவிட்டுச் சொல் என்றேன். அன்றோடு எனக்குப் பாடம் நடத்துவதை விட்டுவிட்டான்.

அவன் யாரையும் வாயால் திருத்த மாட்டான். கையில் எப்போதும் ஒரு பழைய மைப்பேனா இருக்கும். யாராவது தப்பாகச் சொன்னால் பேனா மூடியால் மேசையில் ஒரே ஒரு தட்டு. 'டொக்'. அவ்வளவுதான். முகத்தை அவர் பக்கம் முழுசாகத் திருப்பிக்கொண்டு காத்திருப்பான். அவராகவே தப்பைக் கண்டுபிடிக்கும் வரை அந்தப் பார்வையை எடுக்க மாட்டான். உலகத்தில் வேறு வேலையே இல்லாத மாதிரி ஒருவரைப் பார்ப்பான். சரியாகச் சொன்னவர்களை அவன் பார்க்கவே மாட்டான், அடுத்தவரிடம் போய்விடுவான்.

வீட்டில் அவன் நல்லவன்தான். கத்த மாட்டான், கை நீட்ட மாட்டான், குடிக்க மாட்டான். ஆனால் நாளெல்லாம் பேசிப் பேசித் தொண்டை வற்றிப்போய், வகுப்பு முடிந்ததும் சாப்பிட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவள் எதிரே உட்கார்ந்து திரையின் ஓரத்தைக் கையால் தைத்துக்கொண்டிருப்பாள். இரண்டு பேருக்கும் இடையில் ஒரு பேச்சும் இருக்காது. பிள்ளை குட்டியும் இல்லை. நான் போனால்தான் அந்த வீட்டில் மனிதக் குரல். என் தம்பியைக் கட்டிக்கொண்டு இவள் என்ன சுகத்தைக் கண்டாள் என்று நான் அப்போது நினைத்ததில்லை. இவளைக் கட்டிக்கொண்டு இவன் என்ன கண்டான் என்றுதான் நினைத்தேன். அக்காக்காரி புத்தி அப்படித்தான் போகும்.

அப்புறம் ஒருநாள் காலையில், வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே, பேனா அவன் கையிலிருந்து நழுவி விழுந்தது. பக்கவாதம். வலது பக்கம் முழுசும் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் நாங்கள் இரண்டு பேரும் மாற்றி மாற்றி இருந்தோம். 'அக்கா வந்திருக்கேன்டா' என்று ஒலிபெருக்கிக் குரலில் சொல்லிப் பார்த்தேன். விழித்தான். நான் சொல்வது புரிந்தது என்று கண் சொல்கிறது, ஆனால் பதிலுக்கு ஒரு எழுத்து வரவில்லை. சில நாள் கழித்து ஒரு நர்ஸ் காற்று அடிக்கிறது என்று ஜன்னலைச் சாத்தினாள். படுக்கையிலிருந்து ஒரு குரல் வந்தது. 'கியூஸா.'

நான் பதறிப்போனேன். அந்தப் பாழாய்ப்போன பாடமெல்லாம் எனக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தால்தானே. கப்பலில் போனவன் ஆயிற்றே, கியூஸா என்று எவளையாவது அங்கே விட்டுவிட்டு வந்திருக்கிறானோ என்று என் புத்தி எங்கெங்கோ போனது. தம்பி பெண்டாட்டியை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போய் விஷயத்தைப் பதமாகச் சொன்னேன். அவள் என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஜன்னல் மூடியிருக்குன்னு சொல்றார் அண்ணி."

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவள் உள்ளே போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

டாக்டர் வந்து, இப்படிச் சிலருக்கு நடப்பது உண்டு என்றார். பிறந்ததிலிருந்து பேசிய மொழி அடைபட்டுப்போகும், பெரியவனான பிறகு கற்றது துண்டு துண்டாகத் திரும்பி வரும். எவ்வளவு வரும், எவ்வளவு நாள் இருக்கும் என்று சொல்ல முடியாது. தம்பிக்கு வந்ததெல்லாம் அந்த மாதிரிச் சொற்கள்தான். மூடிய, திறந்த, உடைந்த, விழுந்த. யார் மூடினார்கள், எப்போது மூடினார்கள் என்பதெல்லாம் அவனுக்குள் எங்கேயோ தொலைந்துபோய்விட்டது. முடிந்த வேலைகள் மட்டும் மிச்சம். அம்மாவை அம்மா என்று கூப்பிட்ட மொழியில் என் பெயரை அவன் அதற்கப்புறம் சொல்லவே இல்லை.

வீட்டுக்குக் கொண்டு வந்தோம். வகுப்பு நின்றுபோனதால் அவள் கடைத்தெருவில் ஒரு திரைச்சீலைக் கடைக்குத் தைக்கப் போனாள். பகலெல்லாம் நான் அவனோடு இருந்தேன். முன் அறையில் அதே மேசைக்குப் பின்னால், வாசலைப் பார்த்தபடி அவனை உட்கார வைப்போம். பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள். படம் போட்ட அட்டைகளை நீட்டி, 'இது என்ன?' என்பாள். அவன் சுவரைப் பார்ப்பான். அந்தப் பெண் சலித்துக்கொள்ளாமல் வந்தாள், பாவம். இவன்தான் எங்கள் யாரிடமும் ஒட்டாமல் இருந்தான். யார் என்ன சொன்னாலும் முகத்தைத் திருப்ப மாட்டான்.

ஒருநாள் சாயங்காலம் அவள் வேலையிலிருந்து வந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றாள். மூச்சை இழுத்துக்கொண்டு, பயந்துபோய், பள்ளிக்கூடத்தில் பாட்டுப் பாட நிறுத்தி வைத்த பிள்ளை மாதிரி சொன்னாள்: "சோனோ அர்ரிவாத்தோ."

'டொக்' என்று ஒரு சத்தம்.

இடது கையால் பேனாவைப் பிடித்திருந்தான். அந்தப் பேனாவை வெறுமனே அவன் முன்னால் வைத்திருந்தோம். அதை அவன் எப்போது எடுத்தான் என்று நான் பார்க்கவில்லை. மூடியால் மேசையைத் தட்டிவிட்டு முகத்தை முழுசாக அவள் பக்கம் திருப்பியிருந்தான். அவளுக்கு என்ன தப்பு என்று தெரியவில்லை. எப்படித் தெரியும்? சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு வருஷக்கணக்காக மீசைக்காரர்கள் வரிசையாக 'அர்ரிவாத்தோ, அர்ரிவாத்தோ' என்று சொன்னதைத்தான் அவள் கேட்டிருக்கிறாள். ஒரு பெண் வாயால் அந்தச் சொல்லை அந்த வீட்டில் யாரும் சொன்னதே இல்லை. அவன் காத்திருந்தான். அவள் விழித்தாள். பிறகு அவன் வாய் கோணிக்கொண்டு, கஷ்டப்பட்டு, ஆனால் தெளிவாகச் சொன்னது: "அர்ரிவாத்தா."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவன் ஒரு மனிதரைப் பார்த்துச் சொன்ன முதல் சொல் அது. நான் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. சரி என்று தலையை ஆட்டிவிட்டு, அந்தச் சொல்லைத் தனக்குள்ளே சொல்லிப் பார்த்துக்கொண்டே அடுப்படிக்குப் போனாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் மறுபடியும் வகுப்பு நடந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அவள் எதிரே உட்கார்ந்து, அன்றைக்குத் தைத்த திரையின் துண்டைக் காட்டி, 'தெந்தா குச்சீத்தா' என்பாள். தைத்த திரை. சரியாக இருந்தால் அவன் பேசாமல் இருப்பான். கிழிந்தது, மடித்தது, கறைபட்டது என்று ஒவ்வொன்றாகச் சொல்வாள். எங்கேயாவது வால் தப்பினால் 'டொக்'. ஒரு தட்டு விழுந்தால் அன்றைக்கு அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். நான்தான் அதைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. திட்டு வாங்கிச் சிரிக்கிறாளே, இவளுக்கு ரோஷமே கிடையாதா என்று நினைத்தேன்.

போகப் போக அவனுக்குக் களைப்பு அதிகமாயிற்று. துண்டுகளைக் காட்டினால் கண்ணை மூடிக்கொள்வான். கடைசியில் வாசல் பாடம் ஒன்றுதான் மிஞ்சியது. அவள் வருவாள், வாசற்படியில் நிற்பாள், 'சோனோ அர்ரிவாத்தோ' என்பாள். இவன் தட்டுவான். 'அர்ரிவாத்தா' என்பான். அவள் சரி என்று தலையாட்டி உள்ளே வருவாள். மறுநாள் மறுபடியும் 'அர்ரிவாத்தோ'. வெயில்காலம் போய் மழைக்காலம் வந்தது. மழையும் போயிற்று. தப்பு மட்டும் போகவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. இந்த வயதில் எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது, உனக்கு ஏறவில்லையா, மூளையையும் சேர்த்து அந்த மிஷினில் வைத்துத் தைத்துவிட்டாயா என்று கேட்டேன். நோயாளியை ஒரே சொல்லைத் தினமும் சொல்ல வைத்து வதைக்கிறாளே என்றுதான் எனக்கு ஆத்திரம். அவள் வழக்கம் போலச் சிரித்துவிட்டு விளக்கைப் போட்டாள்.

கொஞ்ச நாளில் கப்பல் சமையல்காரர் ஒருவர் விடுமுறையில் வந்தார். தம்பியிடம் படித்தவர், பெரிய உடம்பு, சின்னக் குரல். தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம் அடுப்படியில் அவளோடு அந்த மொழியிலேயே பேசிக்கொண்டிருந்தார். என்ன பேசினார்களோ, அவள் இடைவிடாமல் பேசுகிற சத்தத்தை அன்றைக்குத்தான் நான் முதல்முதலாகக் கேட்டேன். போகும்போது வாசலில் என்னிடம் சொன்னார்: "உங்க தம்பி வீட்டம்மா எங்கம்மா படிச்சாங்க? ஒரு தப்பு வரல. அங்கேயே இருக்கிறவன் நான், எனக்கே அப்படி வராது."

வந்தேன் போனேன் எல்லாம் சரியாகச் சொன்னாளா என்று நான் விடாமல் கேட்டேன். எல்லாமே சரியாகத்தான் சொன்னார்கள் என்றார்.

அவர் தெரு முனை திரும்புவதற்குள் நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். எத்தனை நாளாக இந்த நாடகம் என்று கேட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு முன் அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். அவன் தூங்கிக்கொண்டிருந்தான். அதற்கப்புறம்தான் பேசினாள். அவள் கல்யாண நாளிலிருந்து என்னிடம் பேசியதையெல்லாம் சேர்த்தாலும் அன்றைக்குப் பேசிய அளவுக்கு வராது.

"முதல் நாள் நிஜமாவே தெரியாமதான் சொன்னேன் அண்ணி. மறுநாள் சரியா சொன்னேன். நீங்க அப்ப கடைக்குப் போயிருந்தீங்க. அவர் சுவத்தைப் பார்த்துட்டே உட்கார்ந்திருந்தார். திரும்பவே இல்ல. அதுக்கு அடுத்த நாள் தப்பா சொன்னேன். திரும்பினார்."

கை துடைத்த துணியை மடித்துக்கொண்டே மேலே சொன்னாள்.

"இத்தனை வருஷம் சுவத்துக்கு அந்தப் பக்கமே இருந்துட்டேன். தப்பா சொல்ற ஒவ்வொரு ஆளையும் அவர் எப்படித் திரும்பிப் பார்ப்பாருன்னு தட்டுற சத்தத்துலயே எனக்குத் தெரியும். நான் வீட்டுல எந்தத் தப்பும் பண்ணதில்ல. அதனால என்னைத் திரும்பிப் பார்க்கிற வேலையே அவருக்கு வரல. இப்பதான் தினமும் ஒரு தடவை பார்க்கிறார். அர்ரிவாத்தான்னு சொல்றார். அந்தக் கடைசி எழுத்து நான்தானே அண்ணி. அது எனக்குப் போதும்."

பாத்திரத்தை எடுத்து மறுபடி துலக்க ஆரம்பித்தாள். நான் அவள் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டேன். போய் அவன் பக்கத்தில் உட்கார் என்றேன்.

அவனுக்கு இந்த நாடகம் தெரியுமா என்ற கேள்வி மட்டும் எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. தப்பைத் தப்பு என்று கண்டுபிடிக்கிறவனுக்கு, அதே தப்பு தினமும் வருகிறதே என்று தோன்றாதா? அவனிடம் கேட்கவா முடியும்?

அதற்கும் ஒருநாள் பதில் கிடைத்தது. கடையில் மிஷின் ஊசி அவள் விரலில் ஏறிவிட்டது. கையில் கட்டோடு, மழையில் நனைந்துகொண்டு, சாயங்காலம் வாசலில் வந்து நின்றாள். வலியும் களைப்புமாக இருந்தவள், நினைக்காமலே, "சோனோ அர்ரிவாத்தா" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. முகம் செத்துப்போய்விட்டது. அன்றைய நாளின் ஒரே ஒரு சொல்லைக் கை தவறிக் கீழே போட்டுவிட்ட மாதிரி நின்றாள்.

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகத் திரும்பினான். அவள் கையில் இருந்த கட்டைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். பேனாவை எடுத்து மேசையில் தட்டினான். 'டொக்'.

"அர்ரிவாத்தா" என்றான்.

அவன் வாழ்நாளில் சரியாகச் சொன்ன யாருக்கும் மேசையைத் தட்டியதில்லை. கோணிப்போன வாய் இன்னும் கொஞ்சம் கோணியது. அது சிரிப்பு என்று எனக்கும் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது. எல்லாம் தெரிந்துதான் இத்தனை நாளாகத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறான் படுபாவி. அவள் ஈரத் துணியோடு போய் அவன் காலடியில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். நான் குடையை எடுத்துக்கொண்டு, மழையோடு மழையாக என் வீட்டுக்குப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு அதிக நாள் இல்லை. முதலில் சொல் தேய்ந்தது. முழுச் சொல்லும் வராமல் 'வாத்தா' என்றான், அப்புறம் வெறும் 'தா'. கடைசி எழுத்து மட்டும் நின்றது. அவளுக்கு அது போதுமாக இருந்தது. பிறகு அதுவும் போய், தட்டு மட்டும். பிறகு பேனாவைப் பிடிக்க முடியாமல் விரலால் மேசையைத் தொடுவான். சத்தமே வராது. ஆனால் முகம் திரும்பும். அவள் அதைப் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் உள்ளே வருவாள்.

போனது ஒரு மத்தியானம். நான் பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாளைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தூங்குகிறான் என்று நினைத்து இன்னும் இரண்டு செய்தி படித்தேன். தெருமுனை டாக்டர் வந்து பார்த்துவிட்டு என் தோளைத் தொட்டார். கடைக்குச் சொல்லத் தொலைபேசியை எடுத்தேன். ஆயிரம் பேருக்கு அறிவிப்புச் சொன்ன தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. அந்தப் பக்கம் எடுத்தவர் கடைக்காரர். புரிந்துகொண்டார்.

வந்தாள். கழுத்தில் அளவு நாடாவோடு ஓடி வந்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடியிருந்தார்கள். அவனை இன்னும் நாற்காலியிலிருந்து எடுக்கவில்லை. இடது கை மேசை மேலேயே இருந்தது. அவள் வாசற்படியில் நின்றாள். உள்ளே வரவில்லை.

"சோனோ அர்ரிவாத்தோ" என்றாள்.

கூட்டத்தில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. நான் அவன் கையைப் பார்த்தேன். அவளும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி சொன்னாள், கொஞ்சம் சத்தமாக. பிறகு இன்னும் சத்தமாக. என்னால் அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. போய் அவளைக் கட்டிக்கொண்டேன். என் தோளுக்கு மேலாக அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு, திரும்பத் திரும்ப அதே தப்பைச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

எல்லாம் முடிந்த பிறகு சமையல்காரர் வந்தார். தம்பி இருந்த நாற்காலியைப் பார்த்துவிட்டு, தனக்குத்தானே 'மோர்த்தோ' என்றார். செத்துப்போனான் என்று அர்த்தமா, செத்துப்போனவன் என்று அர்த்தமா என்று அவரைக் கேட்டேன். இரண்டுக்கும் அதுதான் அம்மா என்றார். கதவைப் பற்றி அன்றைக்குத் தம்பி சொன்னது நினைவுக்கு வந்தது. ஒரு நொடி வேலை, அதற்கப்புறம் காலம் முழுக்க அப்படியே. சாமான்களுக்குச் சொன்ன மாதிரி எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டுப் போனான். எனக்கு அந்த மொழியின் மேலேயே கோபம் வந்தது.

அவள் தனியாக இருக்க வேண்டாம் என்று நான் மூட்டையைக் கட்டிக்கொண்டு அங்கேயே வந்துவிட்டேன். அவள் கடைக்குப் போனாள், வந்தாள். வாசலில் நிற்கவில்லை. ஒரு சொல் இல்லாமல், காற்று வருகிற மாதிரி உள்ளே வந்து, பையை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போவாள். சாயங்காலம் ஆனாலே எனக்குப் பகீர் என்று இருக்கும். இவள் ஒரு தடவை அந்தத் தப்பைச் சொல்லிவிட்டால் தேவலை என்று தோன்ற ஆரம்பித்தது. சொன்னால் நான் தட்டிவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன். எனக்கு மொழி தெரியாது, ஆனால் அந்த ஒரு தப்பு தெரியும். என் தம்பியின் அக்கா நான். ஒரு தட்டுத் தட்ட எனக்கு உரிமை இல்லையா?

நேற்றைக்கு முந்தின நாள் அவன் நாற்காலியில் உட்கார்ந்து, பேனா மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். அவள் வந்தாள். என்னை அந்த இடத்தில் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். என் கையில் இருந்த மூடியையும் பார்த்தாள். நான் என்ன நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அவளுக்குப் புரியாதது எது? நான் மூடியை மேசைக்கு மேலே பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"சோனோ அர்ரிவாத்தா" என்றாள்.

சுத்தமாக, நிதானமாக, எந்தத் தப்பும் இல்லாமல் சொன்னாள். தப்பு அவனுக்காக வைத்திருந்தது. எனக்கு அதைக் கொடுக்க மாட்டாள். கொடுக்கக் கூடாதுதான்.

உள்ளே வந்து என் கையிலிருந்து மூடியை மெதுவாக வாங்கி, பேனாவில் போட்டுத் திருகினாள்.

"சாப்பிடலாம் வாங்க அண்ணி" என்றாள்.